வானம் காயும் முன்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் சைக்கிள் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் யாராவது சிரிக்கத்தான் செய்வார்கள். அண்ணி சொன்னபோது சிரித்தது அவருடைய தம்பி. லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் வேலை. கிரீஸ் போகாத விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான்.

“இந்த வயசுல விழுந்தா எலும்பு ஒட்டாதுக்கா.”

“உன் லிஃப்டுக்கு என் சைக்கிள் எவ்வளவோ தேவலைடா. நடுவழியில நின்னா இறங்கி நடந்துடலாம்.”

அவன் மனைவியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கணவனின் அக்காவைக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அண்ணி என்றுதான் கூப்பிட்டாள். அண்ணி அவளைப் பல்லு என்று கூப்பிட்டார். பல் செட் செய்யும் லேப் ஒன்றில் அவளுக்கு வேலை. பீங்கான் பொடியைக் குழைத்து, அடுக்கடுக்காக வைத்துச் சுட்டு, பக்கத்துப் பல்லின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்லுவாள். முதல் தடவை அண்ணியைப் பார்த்தபோது வணக்கம் சொல்வதற்கு முன்பே அவர் முன்பற்களைத்தான் பார்த்தாளாம். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

அண்ணி சைக்கிளுக்கு ஆசைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது என்று சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருந்தார். கடை இருந்த கட்டடத்தை இடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். புதிய இடம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கிடைத்தது. பஸ்ஸில் போனால் ஊரையே சுற்றிக்கொண்டு போக வேண்டும். கால்வாய்க் கரையோடு போகிற சைக்கிள் பாதையோ கோடு போட்டதுபோல நேராகக் கடை வாசலில் கொண்டுபோய் விடும். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு யாரையும் எதற்கும் எதிர்பார்த்துப் பழக்கமில்லாதவர். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் தம்பி மனைவியைக் கேட்டார்.

“சனிக்கிழமை நீ அங்கதானே படம் வரைய உக்காருவ? என் கண்ணுல படுற மாதிரி உக்காந்துக்கோ. பிடிக்கக் கிடிக்க வேண்டாம். ஒருத்தி இருக்கான்னு தெரிஞ்சா போதும், நான் ஓட்டிடுவேன்.”

“நான் இருக்கேன் அண்ணி.”

அவள் கொடுத்த வாக்கு அவ்வளவுதான். இருப்பது. அதைவிட லேசான வேலை உலகத்தில் கிடையாது என்றுதான் அப்போது தோன்றியது.

சனிக்கிழமைகளில் அந்தப் பாதையோரம் ஒரு சிறு கூட்டம் கூடும். மடக்கு ஸ்டூல், மடியில் வைக்கும் பலகை, வண்ணப் பெட்டி, பழைய பாட்டிலில் தண்ணீர். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து நீர்வண்ணத்தில் வரைவார்கள். நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் தன்னைத்தானே தலைவராக்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரைச் சர்வேயர் என்பார்கள். அவர் வரைகிற கால்வாய் அளந்து வைத்ததுபோல நேராக இருக்கும், பார்க்கச் சகிக்காது. நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரம்மா உண்டு. எதை வரைந்தாலும் கடைசியில் ஒரு நாய் வந்துவிடும். சைக்கிளில் போகிறவர்கள் மணியடித்துவிட்டுப் போவார்கள். சிலர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்ப்பார்கள். ஒருமுறை ஒருவர் நின்று அவள் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது எந்த இடம்?” என்று கேட்டார். அவர் நின்றிருந்த இடம்தான் அது.

அவளுக்கு வராதது வானம். கூரை வரும், தண்ணீர் வரும், பாலத்தின் இரும்புச் சட்டங்கள்கூட வரும். வானம் மட்டும் வராது. நீர்வண்ணத்தில் வானம் போடுவது வண்டி ஓட்டுவது மாதிரி, நடுவில் கையை விட முடியாது. பலகையைச் சற்றே சாய்த்துப் பிடித்து, மேல் விளிம்பில் பிரஷை இடமிருந்து வலமாக ஓட்டினால், கோட்டின் அடியில் வண்ணத்தண்ணீர் ஒரு மணிச்சரம்போலத் திரண்டு நிற்கும். அது நிற்கும்போதே அதைத் தொட்டு அடுத்த கோட்டை இழுக்க வேண்டும். பிறகு அடுத்தது. போகப்போகத் தண்ணீரைக் கூட்டி நிறத்தைக் குறைத்தால் கீழே அடிவானம் வெளிறி வரும். நடுவில் தும்மினாலும் போச்சு. நின்ற இடத்தில் தண்ணீர் காய்ந்து கோடு விழுந்துவிடும். அதன்மேல் எதைப் பூசினாலும் அந்தக் கோடு போகாது. லேபில் ஒரு பல் சரியில்லை என்றால் உரசிவிட்டு மறுபடி வைத்துச் சுடலாம். இங்கே இரண்டாம் முறை என்பதே கிடையாது. அவளுடைய வானங்களுக்குச் சர்வேயர் ஒரு பெயர் வைத்திருந்தார்: ஒழுகின சுவர்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அண்ணி ஓரளவு ஓட்டக் கற்றிருந்தார். திரும்புவதுதான் வரவில்லை. பாதையோரப் பெஞ்சிலிருந்து ரயில் பாலம் வரை போவார், இறங்கி சைக்கிளைக் கையால் திருப்பிக்கொள்வார், மறுபடி ஏறி வருவார். ஒவ்வொரு முறையும் அவள் ஸ்டூலைத் தாண்டும்போது, “பாத்தியா பல்லு?” என்பார். அவள் தலையைத் தூக்கி, “பாத்தேன் அண்ணி” என்பாள்.

பாலத்தின்மேல் ஒரு ரயில் தடதடத்துப் போய் முடிந்தது. அது போன பிறகு கிடைத்த அமைதியில்தான் அவள் பிரஷை நனைத்தாள். காற்றில்லை. வெயில் ஏறவில்லை. முதல் கோடு சரியாக விழுந்தது. இரண்டாவது அதோடு தடமே தெரியாமல் சேர்ந்தது. மூன்றாவது கோட்டில் அவளுக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு வருகிறது என்று. மூச்சைச் சின்னதாக விட்டாள். மணிச்சரம் விளிம்பில் நடுங்கிக்கொண்டு நின்றது. கீழே இழுக்க இழுக்க நீலம் தானாகக் கரைந்து இறங்கியது.

அப்போது சைக்கிள் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு அண்ணியின் குரல்.

“பல்லு.”

தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தாள். பாலத்துக்கு முன்னால், பாதையின் ஓரத்தில் அண்ணி கிடந்தார். சைக்கிளின் பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணி அசைந்தார், ஒருக்களித்தார். அசைகிறார் என்று அவள் மனம் குறித்துக்கொண்டது. ரத்தம் தெரியவில்லை என்று குறித்துக்கொண்டது. காகிதத்தில் வானம் பாதிதான் இறங்கியிருந்தது. கை அடுத்த கோட்டை இழுத்தது.

“பல்லு, இங்க வாயேன்.”

இரண்டாவது குரல் முதல் குரல்போல இல்லை. அதில் வலி இருந்தது. அவள் பிரஷைத் தண்ணீரில் முக்கி, உதறி, அடுத்த கோட்டை இழுத்தாள். அதற்கடுத்தது. கூரைகளின் விளிம்புவரை கொண்டுவந்து, மிச்சத் தண்ணீரைப் பிரஷின் நுனியால் ஒற்றி எடுத்தாள். பிறகுதான் எழுந்தாள். எழுந்தவள் அப்படியே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. வண்ணம் ஒரு பக்கமாக வழிந்துவிடாமல் பலகையைப் புல்லில் மட்டமாக வைத்தாள். மட்டமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு ஓடினாள்.

அவள் போய்ச் சேர்வதற்கு முன் ஒரு கொரியர்க்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணியைத் தூக்கி உட்கார வைத்திருந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்.

“பல்லு பல்லுன்னு கத்துனாங்க,” என்றார் அவர். “ஓடி வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்தேன். பல்லெல்லாம் ஜோராத்தான் இருக்கு. கைதான் ஒரு மாதிரி இருக்கு. நீங்க யாரு?”

“அவங்க கூட வந்தவ.”

“கூட வந்தவங்களா?” என்று கேட்டு, நீலம் படிந்து ஈரமாக இருந்த அவள் விரல்களைப் பார்த்தார். அந்த வலியிலும் அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. “பல்லுங்கறது இவதாங்க,” என்றார்.

வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து விலகியிருந்தது. எக்ஸ்ரேவைப் பார்த்த டாக்டர் இழுத்துச் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டார். வேலைச் சட்டையோடு ஓடி வந்த தம்பி, ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “நீ அங்கதானே இருந்த?”

“ரயில் போய்க்கிட்டிருந்துச்சு. கூப்பிட்டது கேக்கலை.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்திருந்தால்கூட யோசித்துத் திரும்ப வாங்கியிருக்கலாம். அதற்குள் உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது.

“அவளை ஏன்டா விசாரணை பண்ற? தலையைக் குனிஞ்சு வரைஞ்சிக்கிட்டிருந்தா பாவம். பாலத்துக்கிட்ட கிடந்து கத்தினா யாருக்குக் கேக்கும்? விழுந்தது நான். பிரேக்கைப் பிடிக்காம பல்லைக் கடிச்சிக்கிட்டிருந்தா விழாம என்ன செய்வாங்க?”

பாவம் என்று சொன்னார். அந்தச் சொல் அவளுக்கு வீடு வரை கூடவே வந்தது.

அன்றிலிருந்து காலையில் லேபுக்குப் போகும் முன் இரண்டு தெரு தள்ளியிருந்த அண்ணி வீட்டுக்குப் போனாள். தலை சீவி விட்டாள், கொக்கி மாட்டி விட்டாள், மூடி இறுகின டப்பாக்களைத் திறந்து வைத்தாள். சாயங்காலம், அதற்குள் இடம் மாறியிருந்த புதிய கடைக்குப் போய், கொடுத்த துணிக்காக நச்சரிக்கிறவர்களுக்கு அண்ணி சொல்லச் சொல்லத் தைத்துக் கொடுத்தாள். ஒரே கையால் சாக்குக்கட்டியைப் பிடித்து அண்ணி அடையாளம் போடுவார்.

“அங்க இல்ல, இங்க. பல்லுல காட்டுற நேர்த்தியைக் கொஞ்சம் ஜிப்புலயும் காட்டு. அந்த மனுஷன் ஆபீஸ்ல மானத்தோட நடமாட வேண்டாமா?”

வருகிறவர்களிடமெல்லாம் அவளைக் காட்டுவார். “என் தம்பி பொண்டாட்டி. கூடப் பொறந்தவளா இருந்தாக்கூட இப்படிப் பாக்க மாட்டா.” வந்தவர்கள் அவளை மெச்சுகிற பார்வை பார்ப்பார்கள். அவள் ஊசியில் நூல் கோப்பதுபோலக் குனிந்துகொள்வாள். எவ்வளவு செய்தாலும் மனசு ஆறவில்லை. செய்யச் செய்ய அந்தப் பொய்க்கு மதிப்புதான் கூடிக்கொண்டு வந்தது. ஒரு நாள் தலை சீவும்போது, “போதும் பல்லு, உனக்கு லேட்டாகுது” என்று அண்ணி சொன்னார். அவள் கேட்காமல் பின்னலைப் பிரித்து மறுபடி பின்னினாள். “எனக்குக் கைதான் உடைஞ்சிருக்கு. கல்யாணப் பொண்ணா ஆக்கிடாத,” என்று அண்ணி சிரித்தார்.

கணவனுக்கு இதெல்லாம் பெருமையாக இருந்தது. “அக்காவை நீ பாத்துக்கறதைப் பாத்தா எனக்கும் ஒரு கையை உடைச்சிக்கலாமான்னு இருக்கு,” என்றான். அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு வாக்கியம்கூட வேண்டாம், ‘கேட்டுச்சு’ என்ற ஒரு சொல் போதும். குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள்.

அந்தப் படத்தைப் பையிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின்மேல் சாய்த்து வைத்தது அவன்தான். கூரைகளும் பாலமும் பென்சில் கோடுகளாகவே நின்றிருந்தன. வானம் மட்டும் முடிந்திருந்தது. மேலே அடர்ந்த நீலம் கீழே வரவர, பால் கலந்த தண்ணீர்போல வெளிறியிருந்தது. எங்கேயும் ஒரு தடமில்லை. “என்னமா வந்திருக்கு,” என்று அவனே சொன்னான். வழக்கமாக அவள் படங்களைப் பார்த்தால் ‘நல்லாருக்கு’ என்ற ஒரே சொல்லோடு நகர்ந்துவிடுகிற ஆள்.

ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது அதைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு எடுத்துப்போனாள். தண்ணீரில் காட்டித் தேய்த்தால் நிறமெல்லாம் கரைந்து ஓடிவிடும். குழாயைத் திறந்து, காகிதத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீட்ட முடியவில்லை. அது நன்றாக இருந்தது. அவள் கையிலிருந்து அதற்கு முன் அப்படி ஒன்று வந்ததில்லை, இனி வரும் என்பதற்கும் நிச்சயமில்லை. குழாயை மூடிவிட்டுப் படத்தை ஃப்ரிட்ஜின்மேல் அதே இடத்தில் வைத்தாள். அண்ணி விழுந்து கிடந்ததைப் பார்த்தும் கையை ஓட்டியதைவிட, இப்போது இதைக் காப்பாற்றி வைத்தது கேவலமாக இருந்தது. அன்றைக்காவது யோசிக்க நேரமில்லை.

அதோடு போகவில்லை. சர்வேயர் ஒரு வேலையாக வீட்டுக்கு வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூக்கு காகிதத்தில் இடிக்கிற அளவுக்குக் கிட்டப்போய்ப் பார்த்தார்.

“ஒரே ஓட்டம். நடுவுல எங்கயும் நிக்கவே இல்லையேம்மா. எப்பப் போட்டீங்க இதை?”

“அன்னிக்குத்தான். அண்ணி விழறதுக்கு முன்னாடி.”

இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது. நூலக வராந்தாவில் கூட்டத்தார் படங்களை மாட்டப்போகிறார்கள், இதுதான் முதலில், கூரையையும் பாலத்தையும் மட்டும் முடித்துக் கொடுங்கள் என்று சர்வேயர் சொல்லிவிட்டுப் போனார். விஷயம் தெரிந்ததும் அண்ணிக்கு ஒரே சந்தோஷம். “மாட்டி எடுத்தப்புறம் அது எனக்குத்தான். புதுக்கடையில மாட்டுவேன். நான் விழுந்த எடம்னு எழுதி வைப்பேன்.”

கட்டுப் பிரிக்க இன்னும் நாள் இருந்தது. வீட்டில் அடைந்து கிடக்க முடியவில்லை என்று ஒரு சனிக்கிழமை அண்ணி அவளோடு கிளம்பி வந்தார். கழுத்திலிருந்து தொங்கிய பட்டையில் கையைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோரையும் வம்புக்கிழுத்தார். டாக்டரம்மாவின் படத்தைப் பார்த்து, “இந்த நாய்க்கு எத்தனை கால்?” என்றார். “ஒண்ணு தூக்கிக்கிட்டிருக்குது,” என்றார் டாக்டரம்மா. சர்வேயருக்குப் புது ஆள் கிடைத்தால் விடமாட்டார். ஒரு பலகையையும் காகிதத்தையும் கொண்டுவந்து அண்ணியின் மடியில் வைத்தார்.

“இடது கையால என்னத்தைப் பண்றது?”

“வானத்துக்கு எந்தக் கையா இருந்தா என்னம்மா? இப்படிச் சாய்ச்சிப் பிடிங்க. மேல ஒரு கோடு. அடியில தண்ணி கோத்துக்கிட்டு நிக்குதா? அது நிக்கும்போதே அடுத்த கோடு. ஆரம்பிச்சிட்டா நிறுத்தவே கூடாது. வீடு தீப்பிடிச்சாலும் முடிச்சிட்டுத்தான் எழுந்திருக்கணும்.”

“நிறுத்தினா?”

“கோடு விழுந்துடும். ஆயுசுக்கும் போகாது. உங்க தம்பி சம்சாரம் போட்டாங்களே, அதுல பாருங்க, ஒரு கோடு கிடையாது. நடுவுல எழுந்திருந்தா அது வந்திருக்குமா?”

சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அண்ணி அப்பாவியாகத் தலையாட்டினார். இப்போது வேறொன்றும் யோசிக்கமாட்டார். கவனமெல்லாம் இடது கையிலும் பிரஷிலும் இருந்தது. ஆனால் துணியைத் தொட்டுப் பார்த்தே எத்தனை தடவை பிரித்துத் தைத்தது என்று சொல்லிவிடுகிறவர். இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு, கடையில் அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்து பட்டன் தைக்கும்போது, இந்தப் பேச்சு ஞாபகம் வரும். ரயில் எப்போது போனது, வானம் எப்போது போட்டது, தான் எப்போது விழுந்தது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பார். அவராகக் கண்டுபிடிக்கிற அந்த நாளை நினைத்தபோது அவள் தன் பிரஷைக் கீழே வைத்துவிட்டாள்.

அண்ணி பிரஷை நனைத்துக் கோடு இழுக்க ஆரம்பித்தார். முதல் கோடு கோணியது. இரண்டாவது நன்றாகவே வந்தது. “அட,” என்றார் தனக்குத்தானே. நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்த்தது. மூன்றாவது கோட்டில் நீலம் வெளிற ஆரம்பித்தது.

“அண்ணி,” என்றாள் அவள்.

உரக்கச் சொல்லவில்லை. கூப்பிட வேண்டும் என்று தீர்மானித்துக்கூடக் கூப்பிடவில்லை. அண்ணி உடனே பிரஷைப் பலகைமேல் போட்டுவிட்டுத் திரும்பினார்.

“என்ன பல்லு? என்னாச்சு?”

“ஐயையோ, நிறுத்தாதீங்கம்மா,” என்று சர்வேயர் பதறினார். “காயுது, காயுது.”

“காஞ்சா காயட்டும். அவ கூப்பிடறா, மூஞ்சியைப் பாருங்க எப்படி இருக்குன்னு.” அண்ணி பலகையைச் சர்வேயர் கையில் திணித்துவிட்டு எழுந்தார். “மயக்கம் வருதா? காலையில சாப்பிட்டியா?”

அவள் எழுந்து நடந்தாள். அண்ணி கூடவே வந்தார். பாதையோரம் மற்றவர்கள் காதுக்கு எட்டாத இன்னொரு பெஞ்ச் வரும்வரை போனார்கள். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள்.

“அன்னிக்கு நான் பாத்தேன் அண்ணி. நீங்க விழுந்ததை.”

அண்ணி அவளையே பார்த்தார்.

“ரயில் முன்னாடியே போயிடுச்சு. வானம் போட்டுக்கிட்டிருந்தேன். அவர் சொன்னாரே, அந்த மாதிரி. பாதியில எழுந்தா கெட்டுப்போயிடும்னு முடிச்சிட்டு வந்தேன்.”

“நான் கூப்பிட்டேனே.”

“ஆமா.”

“ரெண்டு தடவை கூப்பிட்டேன்.”

“ரெண்டும் கேட்டுச்சு.”

சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக மணியடித்துக்கொண்டு போயின. அண்ணி கட்டுப்போட்ட கையை மற்ற கையால் தாங்கிப் பிடித்திருந்தார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

“விழுந்தப்போ சுளுக்குன்னுதான் நெனச்சேன்,” என்றார் அண்ணி கடைசியில். குரல் தணிந்திருந்தது. “உன்னைக் கூப்பிட்டேன். நீ தலையைத் தூக்கலை. மறுபடி கூப்பிட்டேன். அப்பவும் தூக்கலை. குனிஞ்சது குனிஞ்சபடியே இருந்த. நீ வேற அன்னிக்குக் காலையில ஒண்ணும் சாப்பிடாம வந்திருந்த. உக்காந்தபடியே மயக்கம் போட்டுட்டியோன்னு எனக்குப் பகீர்னுது. எழுந்து வந்து பாக்கலாம்னு இந்தக் கையை ஊனினேன். அப்பத்தான் உள்ள ஏதோ படக்குன்னு போச்சு.”

அவள் மாவுக்கட்டைப் பார்த்தாள்.

“இதை நான் யார்கிட்டயும் சொல்லலை. உனக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவியேன்னு சொல்லலை.”

“அண்ணி, என்னை—”

“இரு. இப்ப ஒண்ணும் பேசாத.” அண்ணி எழுந்தார். தோள்பட்டையில் தொங்கிய பட்டை நழுவியது. அவள் கை சரிசெய்ய நீண்டது. அண்ணி அரை அடி விலகி, தானே பல்லால் கடித்து இழுத்துச் சரிசெய்துகொண்டார். “நாளைக்குத் தலை சீவ நீ வர வேண்டாம். அவனை அனுப்பு.”

“சரி அண்ணி.”

“கடைக்கும் வேண்டாம். துணி காத்திருக்கட்டும், யாரும் செத்துட மாட்டாங்க. அந்தப் படமும் எனக்கு வேண்டாம்.”

“கிழிச்சிடறேன்.”

“கிழிச்சா என் கை கூடிடுமா? நல்லாத்தான் வந்திருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. நீ வரைஞ்சது, நீயே வச்சிக்கோ.”

அதில் கோபம் தெரியவில்லை. கடையில் துணியைத் திருப்பிக் கொடுக்கும்போது பேசுகிற குரல்தான். பஸ் நிறுத்தம் இருந்த பக்கமாக நடந்து போய்விட்டார். போகிற வழியில் டாக்டரம்மா ஏதோ சொல்ல, அண்ணி பதிலுக்கு ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தது அவளுக்குக் கேட்டது. காட்டிக்கொடுக்கவில்லை. இதற்குப் பிறகும் காட்டிக்கொடுக்கவில்லை என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கணவன் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

“நாளைக்குக் காலையில அக்காவுக்கு நீங்கதான் போய்த் தலை சீவணும்.”

“நானா? ஏன், நீ எங்க போற?”

“எங்கயும் போகலை. என்னை வர வேண்டாம்னுட்டாங்க.”

அவன் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். “என்ன பண்ணின?”

அவள் நின்றபடியே சொன்னாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னது பொய் என்பதிலிருந்து ஆரம்பித்து, பலகையைப் புல்லில் மட்டமாக வைத்ததையும் விடாமல் சொன்னாள். அதைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. மற்றதையெல்லாம்கூட அவன் மன்னித்துவிடலாம், அந்த ஒன்றை மன்னிக்க நாளாகும் என்று அவளுக்குப் பட்டது. “மட்டமா இருக்கான்னு வேற பாத்தியா?” என்று ஒரு தடவை கேட்டான். ஆமா என்றாள். அவன் மறுபடி குனிந்து, எண்ணெய் விட்டுவிட்ட கீலுக்கே மறுபடியும் எண்ணெய் விட்டான்.

மறுநாள் காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு போனான். வெகுநேரம் கழித்து வந்தான். அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

“என்ன சொன்னாங்க?”

“லிஃப்டுக்கு வயர் சுத்தற மாதிரி பின்னிட்டியேடான்னு திட்டினா. பிரிச்சு மறுபடி போடச் சொன்னா. அப்பவும் கோணல்தான். அப்படியே கடைக்குப் போயிட்டா.”

“என்னைப் பத்தி?”

“கேக்கலை.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் என்னைத்தான் வரச் சொன்னா,” என்றான் அவன். கை கழுவப் போனவன் நின்று, திரும்பிப் பார்க்காமல் கேட்டான். “அந்தப் பின்னலை எப்படிப் போடணும்னு எனக்குக் காட்டு.”

அவள் தன் கூந்தலை அவிழ்த்து, அவனுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

“மூணாப் பிரிங்க,” என்றாள்.

அவன் பிரித்தான். கொஞ்சம் வலிக்கத்தான் இழுத்தான்.

“இறுக்கமா இருக்கா?”

“இல்ல,” என்றாள். “அவங்களுக்கு இப்படித்தான் பிடிக்கும்.”